வெள்ளைப் பூ வந்த வண்டி

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கிலோமீட்டரைத்தான் பார்க்கிறார்கள். அது வெட்டி வேலை. மீட்டரைத் திருப்பி வைக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நான் குனிந்து பிரேக் பெடலின் ரப்பரைப் பார்ப்பேன். அது தேய்ந்து வழவழவென்று இருந்தால், மீட்டர் என்ன காட்டினாலும் வண்டி நிறைய ஓடியிருக்கிறது என்று அர்த்தம். சற்றுமுன் நீங்கள் போனில் பேசியது காதில் விழுந்தது இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் பையன் ஏதோ பழைய கார் கேட்கிறான் போலிருக்கிறது. அதனால்தான் சொன்னேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அடித்து வைத்திருக்கும் வாக்குமூலத்தில் 'மேற்படி காரை மூக்கையா ஆகிய நானே ஓட்டிச் சென்றேன்' என்று இருக்கிறது. முதலாளியின் வக்கீல் சொல்லச் சொல்ல அடித்தது. அந்த ஒரு வரி தப்பு. காரை ஓட்டியது முதலாளி மகன் தனபால். மற்றபடி குற்றவாளி என்ற இடத்தில் என் பெயர் இருப்பது சரிதான், அதை மாற்ற வேண்டாம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அப்போது வேறு ஐயா இருந்தார். நான் சொன்னது அத்தனையும் பொய். மளமளவென்று எழுதி, கையெழுத்து வாங்கி, டீயும் வாங்கிக் கொடுத்தார்கள். இன்றைக்கு நிஜத்தைச் சொல்ல வந்தால் நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். என்னத்தைச் சொல்ல. பரவாயில்லை, முதலில் கேளுங்கள், பிறகு எழுதிக்கொள்ளலாம்.

எனக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். கிட்டுசாமி முதலாளியின் பனியன் கம்பெனியில் மூட்டை ஏற்றுகிறவனாகச் சேர்ந்து, அப்புறம் அவர் வீட்டு டிரைவர் ஆனேன். தனபால் தம்பியையும் வர்ஷினி பாப்பாவையும் எல்கேஜி போன நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வந்தவன் நான்தான். பாப்பாவுக்குக் காரில் வாந்தி வரும். அவளுக்காக டேஷ்போர்டில் எப்போதும் எலுமிச்சம்பழம் வைத்திருப்பேன்.

என் மனைவி செத்துப்போனபோது என் மகள் நதியா சின்னப் பிள்ளை. நான் வண்டியோடு சுற்றுகிறவன். பக்கத்து லைன் வீட்டு ராக்கம்மாள்தான் அவளுக்குத் தலைவாரி, சோறு ஊட்டி, ஆளாக்கினாள். அவளும் எங்கள் பக்கத்துக்காரி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நூல் பிசிறையும் ஓட்டையையும் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது என்று புலம்பிக்கொண்டே என் மகளுக்குப் பேன் பார்ப்பாள். நதியா அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த ராக்கம்மாள் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து பல்லடம் ரோட்டோரமாக டிபன் பையோடு வந்தபோது, தனபால் முதலாளியின் பெரிய காரில் வந்து இடித்தான். லைசென்ஸ் எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பக்கத்து சீட்டில் நான் இருந்தேன். மெதுவாகப் போங்க தம்பி என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். இறங்கி ஓடிப் போய்ப் பார்த்தால் நம்ம ராக்கம்மாள். டிபன் பாக்ஸ் மூடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

முதலாளி வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் என்னை முதன்முதலாகத் தொட்டது அன்றைக்குத்தான்.

"மூக்கையா, பையன் வாழ்க்கையே போயிரும். இந்த ஒரு ஒத்தாசையப் பண்ணிப்போடு. கேசு முடியற வரைக்கும் ஒருத்தருகிட்டயும் மூச்சு உடாத. முடிஞ்சதும் நானே உன்ற ஊட்டுக்கு வந்து, உங்கொப்பன் ஓட்டலை கண்ணுன்னு உன்ற புள்ளகிட்டச் சொல்லிப்போடறன்."

சரிங்கய்யா என்றேன். ஏன் என்று கேட்டால் எனக்கே இப்போது விளங்கவில்லை. அவர் என் கையை அதுவரை விடவே இல்லை.

ஜாமீனில் வீட்டுக்கு வந்தேன். நதியா கதவைத் திறந்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"எப்பா, அத்தை ஒங் கண்ணுல படவே இல்லையா?"

"படலத்தா" என்றேன். வேறென்ன சொல்ல, வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

அதோடு பேச்சு நின்றது. சோறு வடித்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். நான் சாப்பிடுகிற நேரத்தில் அவள் வீட்டில் இருக்க மாட்டாள். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் டீக்கடையில் என் பக்கத்தில் நிற்பதில்லை, நான் வந்தால் கிளாஸை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதைக்கூடத் தாங்கலாம். பெற்ற மகள் தட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போகிற சத்தம் இருக்கிறதே, அதை எவனாலும் தாங்க முடியாது ஐயா. கேஸ் முடிந்தது, நிறுத்தி வைத்த லைசென்ஸும் திரும்பக் கையில் வந்தது. எனக்கு வேண்டியிருந்தது பணம் காசில்லை. முதலாளி வாயிலிருந்து என் மகள் காதுக்கு ஒரு வார்த்தை. கேட்கும்போதெல்லாம் ஆகட்டும் ஆகட்டும் என்பார்.

இந்த வருஷம் தனபால் மறுபடி கார் கேட்டான். படிப்பு முடிந்து அப்பாவோடு கம்பெனிக்குப் போகிறான், கையில் வண்டியில்லாமல் சிநேகிதர்கள் மத்தியில் மானம் போகிறதாம். முதலாளி யோசித்தார். பெரிய கார் கிடையாது, சின்னதாக ஒரு பழைய ஹேட்ச்பேக் வாங்கித் தருகிறேன், அதுவும் சாமி உத்தரவு கொடுத்தால்தான் என்றார். அவர்கள் வீட்டில் நிலம் வாங்கினாலும் கல்யாணம் பேசினாலும் குலதெய்வத்திடம் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலத்திலும் கட்டி சாமி காலடியில் வைப்பார்கள். வீட்டில் இளையவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிடுவது வழக்கம்.

மூலனூருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது கோயில். நான்தான் எல்லாரையும் அழைத்துப் போனேன். முதலாளி சம்சாரம் சின்னாத்தாள் அம்மா உள்ளே பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா படியில் உட்கார்ந்து செல்போன் நோண்டிக்கொண்டிருந்தாள். முதலாளி சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அரளிச் செடியோரம் நின்றார். நல்ல நேரம் என்று நினைத்து மறுபடி கேட்டேன்.

"ஐயா, நம்ம நதியாகிட்டச் சொல்றேன்னீங்களே."

"அட, அந்தப் பேச்ச இன்னுமா வச்சுட்டிருக்கற? அவளே மறந்திருப்பா. இப்பப் போயி நாஞ்சொன்னா நாலு பேருக்குத் தெரியாமப் போகுமா? பையனுக்குப் பொண்ணு பாக்கற நேரம் மூக்கையா. உட்டுத்தள்ளு."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, தோளில் தட்டித்தான் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு நிறப் பூவையும் பறித்து என் கையில் கொடுத்தார். அவர்கள் வீட்டில் பொட்டலம் கட்டுவது எப்போதும் வெளியாள்தான். சொந்தக்காரன் கட்டினால் ஆசை கலந்துவிடுமாம். எனக்கு அந்த வண்டியில் என்ன ஆசை இருந்துவிடப் போகிறது என்று என்னிடம் கொடுத்தார்.

கோயில் பின்னால் உட்கார்ந்து வாழை இலைக் கிழிசலில் பொட்டலம் கட்டினேன். கட்டும்போதே மனசுக்குள் சாமியிடம் சொல்லிவிட்டேன். ஆத்தா, சிவப்பு வந்தால் இவனையும் இவன் அப்பனையும் இன்றோடு மன்னித்துவிடுகிறேன், வெள்ளை வந்தால் இவன் கேட்கிற வேகத்தை நானே தேடி வாங்கிக் கொடுக்கிறேன், மற்றது உன் பாடு என்றேன். வர்ஷினி பாப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். வெள்ளை. தனபால் அவளைத் தூக்கிச் சுற்றினான். மற்றதை நான் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டேன். என் மனசில் கறுவல் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உத்தரவு சாமி கொடுத்தது. இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் வண்டி தெரிந்த எவனும் செய்கிற வேலைதான்.

முதலில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரின் காரைப் பார்த்தோம். பெடல் ரப்பர் புதுசு மாதிரி இருந்தது. நிதானமான இன்ஜின், நல்ல பிரேக், விலையும் கைக்கு அடக்கம். உங்கள் பையனுக்கு வாங்குவதானால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். தனபாலுக்கும் பாதி மனசு இருந்தது. நான்தான், "தம்பி, இது சந்தைக்குக் காய் வாங்கப் போற வண்டி" என்றேன். இளவட்டங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

அப்புறம் பல்லடத்தில் அந்தச் சிவப்பு வண்டி கிடைத்தது. டர்போ பெட்ரோல், எடை குறைவு, மிதித்தால் பறக்கும். முன்னால் வைத்திருந்தவன் இளம் பையன், வண்டியைக் கொடுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் நாலு டயரும் புதுசாகப் போட்டிருந்தான். ஓட்டிப் பார்த்தபோது தனபாலுக்கு முகமெல்லாம் பல்.

"மூக்கையாண்ணா, முதுகப் புடிச்சு சீட்டோட அமுக்குது பாருங்க. இதுதானுங்ண்ணா வேணும்."

"வெச்சுக்கலாம் தம்பி" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும், "இன்னும் வேகம் பண்ணோணும், மொதல்ல எதுல கை வைக்கலாம்?" என்று கேட்டான். அவன் என்னைத்தான் நம்பினான், அதைச் சொல்லியாக வேண்டும். வண்டியின் வேகத்தைக் கூட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது ஐயா. முதலில் நல்ல டயர், அடுத்து பிரேக், அதற்கப்புறம் ஸ்பிரிங். நிற்கத் தெரிந்த வண்டிக்குத்தான் கடைசியில் இன்ஜினில் கை வைப்பார்கள். நான் அந்த முறையைத் தலைகீழாகச் சொன்னேன். கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய் முதலில் இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதச் செய்தேன். அடுத்து ஏர் ஃபில்டர், உறுமுகிற சைலன்ஸர். முதலாளி கொடுத்த காசு அதிலேயே கரைந்தது. பிரேக்கைப் பற்றி அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

மிச்சக் காசில் அகலமான அலாய் வீல் வேண்டும் என்றான். பழைய சாமான் கடையில் ஒரு செட் எடுத்தேன், டயரோடு சேர்த்து. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், தயாரித்த வாரமும் வருஷமும். அதைப் படித்தேன். தனபால் மீசை முளைக்காமல் சைக்கிள் ஓட்டிய காலத்து டயர். எங்கேயோ மூலையில் கிடந்திருக்கிறது, ரோட்டைத் தொடுகிற பட்டன் தேயவே இல்லை. பார்ப்பவனுக்குப் புதுசு. நகத்தை அழுத்திப் பார்த்தால் மரக்கட்டை. காய்ந்த ரோட்டில் எப்படியோ ஓடும், மழை பெய்தால் ரோட்டைப் பிடிக்காது. ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் இருந்தன. பனியன் வேஸ்ட் துணியில் பாலிஷைத் தொட்டு நன்றாகத் தேய்த்தேன். வெடிப்பு தெரியவில்லை. அவ்வளவு கறுப்பாக ஒரு டயரை நான் பார்த்ததில்லை.

பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது அவனே எனக்கு டீ கொண்டு வந்தான். கெட்ட பையன் இல்லை. அப்போது ஒன்று கேட்டேன்.

"தம்பி, அந்தம்மா பேரு ஞாபகமிருக்கா?"

"எந்தம்மாங்ண்ணா?" என்றான்.

நடிக்கவில்லை ஐயா. நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. நான் டீயைக் குடித்துவிட்டு நாலாவது டயரைத் துடைத்து முடித்தேன். வண்டியில் இருந்த நல்ல டயர் நாலும் கம்பெனிக் குடோனில் வேஸ்ட் மூட்டைகளுக்கு அடியில் இருக்கின்றன. ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

கோடை முழுக்க அவன் பறந்தான், ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அவசரமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. தாராபுரத்தில் சிநேகிதன் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினான். நான் கேட்டைத் திறந்துவிட்டு நின்றேன். முதல் தூறல் விழுந்தது. அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து பாப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணா, இருங்ண்ணா, நானும் வரன்."

ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டயர் சரியில்லை, இறங்குங்க பாப்பா என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று தனபால் கேட்பான். குனிந்து கண்ணாடி வழியாக, "பெல்ட்டப் போட்டுக்கங்க பாப்பா, மழை வருது" என்றேன். போட்டுக்கொண்டாள். டாட்டா காட்டினாள். அவள் மேல் எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அவிநாசிபாளையம் தாண்டி வருகிற வளைவு உங்களுக்கே தெரியும், நீங்கள்தான் போய்ப் பார்த்தீர்கள். வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியிருக்கிறது, பாப்பா உட்கார்ந்திருந்த பக்கம். தனபாலுக்குத் தோள்பட்டை எலும்பு மட்டும் முறிந்தது. பெல்ட் அவளுக்கு உதவவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலாளி என் இரண்டு கையையும் மறுபடி பிடித்தார். சின்னாத்தாள் அம்மா தரையில் உருண்டுகொண்டிருந்தார்கள். பெற்ற பெண்ணை இன்னும் வீட்டுக்குக்கூட எடுத்துப் போகவில்லை.

"பாப்பா போயிட்டா மூக்கையா. இவனாச்சும் மிஞ்சோணும். இந்த ஒருக்கா மட்டும் நீயே ஓட்டுனன்னு சொல்லிப்போடு."

சரிங்கய்யா என்றேன். இந்த முறை அவர் எனக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்களிடம் வருவதற்கு முன்னால் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். நதியா வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள், கண்ணெல்லாம் வீங்கி. தட்டு மூடியில்லாமல் இருந்தது. கருவாட்டுக் குழம்பு, ராக்கம்மாள் வைக்கிற பக்குவம்.

"எப்பா, வர்ஷினி முந்தாநாள் எனக்குப் போன் பண்ணுச்சுப்பா. அத்தைய இடிச்சது அதோட அண்ணன்தானாம். நீயும் மொதலாளியும் கோயில்ல பேசுனத படியில இருந்து கேட்டுச்சாம். எங்கப்பா சொல்ல மாட்டாரு, மனசு கேக்கல, அதான் நாஞ்சொல்றேன்னு அழுதுச்சு. ஒங்கிட்ட எந்த மொகத்தோட வந்து பேசுறதுன்னு தெரியாமக் கெடந்தேன். அதுக்குள்ள அந்தப் புள்ளை போயிருச்சேப்பா."

மூன்று வருஷமாக நான் கேட்ட வார்த்தை ஐயா. சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை, அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. நதியா என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். நான் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன்.

கார் ஓட்டினேன் என்று நான் கையெழுத்துப் போட்டால் அவள் நம்ப மாட்டாள். எங்கப்பா இந்தத் தடவையும் எவனுக்காகவோ பழி சுமக்கிறார் என்று பெருமைப்படுவாள். ஊரெல்லாம் சொல்லுவாள். எதைத் தாங்கினாலும் அதை என்னால் தாங்க முடியாது. அதனால்தான் வக்கீல் அடித்த தாளை வேண்டாம் என்கிறேன். பாப்பாவைக் கொன்றது நான். டயரைப் போட்டது நான், பாலிஷ் போட்டது நான், கேட்டைத் திறந்துவிட்டதும் நான். இப்போது பேனாவை எடுங்கள்.

உங்கள் பையனிடம் முதலில் டயரின் வருஷத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று, எழுதினாலும் சரி, விட்டாலும் சரி. கிணற்றில் போட்ட பொட்டலத்தில் என்ன இருந்தது என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. சிவப்பு அரளியை நான் கட்டவே இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பி வருகிற வழியில் ரோட்டோரம் எறிந்துவிட்டேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் வைத்தேன். ஆனாலும் ஐயா, எடுத்தது என்னவோ பாப்பாவின் கைதான்.